மாமி சொன்ன கொலைகாரி

வெள்ளி, இரவு.

இன்னும் சிரிப்பு அடங்கவில்லை. நாவல் படித்தால் குடும்பம் கெடும் என்று சொல்லும் மாமி இன்று மாட்டிக்கொண்டார். காரைக்கால்மேட்டுக் கொடுவா மீனை ஆய்ந்துகொண்டே, பாதி படித்திருந்த மர்ம நாவலைப் பற்றி ஓரகத்தியிடம் சொன்னேன்.

"பெரியவரக் கொன்னது சின்ன மவனாத்தான் இருக்கும்."

அடுப்படியிலிருந்து மாமியின் குரல்: "அவன் பாவம் புள்ள. மூத்த மருமவதான் பால்ல கலந்து குடுத்தா!"

சொன்னபிறகுதான் உறைத்தது போலும், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். முடிவு தெரிந்துபோனதில் எனக்கு எரிச்சல்தான். ஆனால் பக்க அடையாளத்துக்கு வைத்த ஹேர்பின் ஏன் தினமும் இடம் மாறியது என்பது புரிந்துவிட்டது.

இரவு இஷா தொழுகை முடிந்தபின் வழக்கம்போல் மாமிக்குப் பால் கொண்டுபோனேன். இந்த வீட்டு மூத்த மருமகள் நான்தான். தம்ளரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நீ ஒரு வாய் குடிச்சுட்டுக் குடும்மா."