கால் கட்டைவிரலில் கட்டிய தூளி

12-8-1992, புதன். சேலையூர்.

படப்பைக்கு அந்தப் பக்கத்துச் செங்கல் சூளையில் என் அக்கா மகள் உஷா மாலை வகுப்பு நடத்துகிறாள். அங்கே இன்று நான் ஒரு சாம்ராஜ்யத்தையே காப்பாற்றினேன். வகுப்பில் நன்றாகப் படிக்கிறவள் செல்வி. கைக்குழந்தையான தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று அவள் அம்மா முனியம்மா இன்றோடு அவளை நிறுத்துவதாக இருந்தாள்.

"மாமா, நீங்க பேசிக் கெடுத்துடாதீங்க" என்றாள் உஷா.

முனியம்மாவிடம் நான் பேசவே இல்லை. வேப்பமரத்தில் தூளி கட்டி, செல்வியின் தம்பியை அதில் போட்டு, கயிற்றை என் கால் கட்டைவிரலில் முடிந்து, ஆட்டியபடியே பாடம் நடத்தினேன். பிள்ளைகள் தாம்பரத்துக்கே கேட்கும்படி "அணில், ஆடு" என்று கத்த, பயல் கும்பகர்ணனுக்கு அண்ணனாகத் தூங்கினான்.

சேற்றுக் கையோடு முனியம்மா வந்தாள். "இன்னா சார், என் கொயந்தையையும் பள்ளிக்கூடத்துல சேத்துட்டியா? எய்ந்திரு செல்வி, போலாம்."

வகுப்பு கப்சிப். உடனே தூளி வீறிட்டது. சூளையில் நாலு செங்கல் உதிர்ந்திருக்கும். முனியம்மா ஆட்டிப் பார்த்தாள், அழுகை நிற்கவில்லை.

"இன்னாத்துக்கு வாய மூடிக்கினீங்க? கத்துங்க" என்றாள் பிள்ளைகளிடம்.

கத்தினார்கள். பயல் அடங்கினான். அவளும் உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் அவள் உதடும் "ஆடு" என்று அசைந்தது.

போகும்போது சொன்னாள்: "நாளிக்கும் தூளி கட்டு சார். செல்வி வரும்."

மழை பிடித்தால் சூளையை மூடிவிடுவார்கள், இவர்களும் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். அதற்குள் செல்வி... இருக்கட்டும்.

கட்டைவிரல் பூசணிக்காயாக வீங்கியிருக்கிறது. நாளைக்கு இடது கால்.