முன்னறையில் கற்ற மொழி

அத்தை,

கீழ் வீட்டில் கடுகெண்ணெய் காய்கிறது. புதிதாகக் குடிவந்தவர்கள். ஜன்னலைச் சாத்திவிட்டேன். ஆனாலும் அந்தக் காட்டம் கதவிடுக்கு வழியே ஏறி வந்துவிட்டது. கண் எரிகிறது. எண்ணெயால்தான் எரிகிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

வேலூர் வீட்டின் முன்னறையில் இந்த வாசனை ஒட்டிக் கிடந்தது. சுண்ணாம்பு அடித்தும் போகவில்லை. அதற்கு முன் அந்த வீட்டில் தோல் வாசனை இருந்தது. மாமா ஆம்பூரில் தோல் கம்பெனியின் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்தவர். அவர் இறந்த பிறகு நீங்கள் கொண்டுவந்த பெட்டியில், வேட்டிகளின் மடிப்பில், அது உங்களோடு வந்திருந்தது. கடுகெண்ணெய் வந்து அதைத் துரத்தியது. "ஒரு நாத்தம் போனா இன்னொரு நாத்தம். வீடுன்னா சும்மா இருக்குமா" என்றீர்கள்.

ஆஸ்பத்திரி இரண்டு தெரு தள்ளி. வடக்கிலிருந்து நோயாளிகளைக் கூட்டிக்கொண்டு காட்பாடியில் ரயில் இறங்குகிறவர்கள், சமைத்துச் சாப்பிட ஓர் அறை தேடி நம் தெருவில் அலைவார்கள். முன்னறையை வாடகைக்கு விட்டீர்கள். நான் எங்கள் ஊரான அணைக்கட்டிலிருந்து காலேஜுக்கு வந்து உள்ளறையில் உங்களோடு இருந்தேன். இலக்கியம் படித்துக்கொண்டிருந்தேன். மொழியைப் பற்றி நிறைய தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆம்பூரில் பழகிய உருது உங்களிடம் இருந்தது. அது போதும் என்று நம்பினீர்கள். வந்தவர்களோ கடுகெண்ணெயில் சமைக்கிற வங்காளிகள். பாதிப் பேருக்கு இந்தியே தட்டுத்தடுமாறித்தான் வரும். "பானி வேணுமா" என்று நீங்கள் கேட்டால் விழிப்பார்கள். பிறகு அவர்கள் குடத்தைக் காட்டி "ஜோல்" என்பார்கள். நீங்கள் திரும்பச் சொல்வீர்கள். அப்படித்தான் தொடங்கியது. ஜோல். பாத். மாச். தண்ணீர், சோறு, மீன்.

உங்களுக்கு அப்போது ஐம்பதை ஒட்டிய வயது. எதிர் வீட்டில் இட்லி சுட்டு விற்கும் அம்மா வாசலில் நின்றபடி கேட்பாள்.

"ஏம்மா, இந்த வயசுல உனக்கு இன்னாத்துக்கு இந்தப் பாஷ? கல்கத்தாவுல சம்பந்தம் பண்ணப் போறியா?"

"பண்ணா உன்னையும் கூட்டிக்கினு போறேன். அங்க இட்லி கெடையாது, உன் வாய்க்கி கொஞ்சம் ரெஸ்ட்டு."

இரண்டு பேரும் சிரிப்பீர்கள். உள்ளே படுத்திருக்கும் நோயாளிக்குக் கேட்டுவிடும் என்று உடனே அடக்கிக்கொள்வீர்கள்.

அந்த ஆவணியில் ஒரு தம்பதி வந்தார்கள். அவன் கிராமத்துப் பள்ளிக்கூட வாத்தியார். வயிற்றில் கட்டி. அவளுக்கு முப்பது இருக்கலாம். கையில் வெள்ளைச் சங்கு வளையல். வந்த அன்றே குனிந்து உங்கள் காலைத் தொட்டு, அந்தக் கையைத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். பதறிப்போய்ப் பின்வாங்கினீர்கள். வெளியே கிளம்பும்போதெல்லாம் பெரியவர்களின் காலைத் தொடுவது அவர்கள் வழக்கம் என்று பிறகு தெரிந்தது. பழகிவிட்டது. அவள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் நேரம் பார்த்து அடுப்பை விட்டுவிட்டு வாசலுக்கு வந்து நிற்பீர்கள். பிள்ளை பெறாத உங்களை அவள் 'மாஷி' என்று கூப்பிட்டாள். அம்மாவின் தங்கை.

அவளிடம்தான் உண்மையாகக் கற்றீர்கள். மதியம் அவன் தூங்கியபின் இரண்டு பேரும் மண்ணெண்ணெய் அடுப்பின் முன் உட்காருவீர்கள். கத்தரிக்காயை அறுத்தபடி, தப்பும் தவறுமாக, கையும் முகமும் சேர்த்து ஒரு பேச்சு. ஊரில் மாமியார் இருக்கிறாள், கண் சரியாகத் தெரியாது, மகன் திரும்புகிற வரை வாசற்படியை விட்டு நகர மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறாள். இதை நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். சொல்லிவிட்டு, "பாத்தியாடி, முழுக் கதையும் புரிஞ்சிக்கினேன்" என்று உங்கள் முகத்தில் வந்த வெளிச்சம். அப்படி ஒன்றை நான் எந்தப் பட்டதாரியின் முகத்திலும் பார்த்ததில்லை.

ஒருநாள் ஆஸ்பத்திரிக்கு உங்களையும் கூப்பிட்டாள். நானும் வந்தேன். வங்காளம் தெரிந்த நர்ஸ் அன்று விடுப்பு. டாக்டர் நம் பக்கத்துக்காரர். உங்களிடம் தமிழில் சொன்னார்.

"வயிறு பூரா பரவிடுச்சும்மா. இனிமே ஆபரேஷன் பண்ணிப் பிரயோஜனமில்ல. இப்பன்னா ரயில்ல போற தெம்பு இருக்கு. ஊருக்குக் கூட்டிக்கினு போகச் சொல்லுங்க. பக்குவமா சொல்லுங்க."

அவள் டாக்டரைப் பார்க்கவில்லை. உங்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சங்கு வளையலை இன்னொரு கை சுற்றிக்கொண்டே இருந்தது.

நீங்கள் அவள் கன்னத்தைத் தொட்டுச் சொன்னீர்கள்: "பாலோ ஹோயே ஜாபே, மா."

அவள் அழுதாள். சிரித்தாள். அங்கேயே குனிந்து உங்கள் காலைத் தொட்டாள். டாக்டர், பக்குவமாகச் சொல்லிவிட்டீர்கள் என்று தலையசைத்தார்.

ரிக்‌ஷாவில் கேட்டேன்.

"இன்னா அத்தை சொன்னீங்க?"

"சரியாப் போய்டும்னு."

"டாக்டர் அப்படிச் சொல்லலையே."

"எனக்குக் காது இருக்குடி."

கொஞ்ச தூரம் போனபின் சொன்னீர்கள். "அதுக்கெல்லாம் எங்கிட்ட வார்த்த இல்ல. சோறு, தண்ணி, வலி, தூங்கு, சரியாப் போய்டும். அவ சொல்லிக் குடுத்தது அவ்ளோதான். அவ மூஞ்சியப் பாத்ததும் அதான் வந்துச்சி. நாளைக்கி யாரையாவது வெச்சி சொல்லிடலாம்."

நாளைக்கு என்றீர்கள். மறுநாள் அவள் பாயசம் வைத்து உங்களுக்குத்தான் முதலில் கொண்டுவந்தாள். அதற்கடுத்த நாள் அவன் எழுந்து வாசல் வரை நடந்தான். நர்ஸ் விடுப்பு முடிந்து வந்திருப்பாள் என்று நான் ஞாபகப்படுத்தினேன். "கொஞ்சம் சிரிச்சிக்கினு இருக்கா. இருக்கட்டும்டி" என்றீர்கள். இருந்தது. பிறகு அவனால் எழ முடியவில்லை. ரயில் ஏறுகிற தெம்பு எந்த நாளில் தீர்ந்தது என்று நமக்குத் தெரியாது.

முன்னறையில்தான் உயிர் போனது. பாலாற்று மணலில் எரித்தோம். தண்ணீரில்லாத ஆற்றை அவள் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் ஊரில் ஆறு என்றால் தண்ணீர்.

கடைசிக் கணக்கு முடிக்க அவள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அந்த நர்ஸ் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். டாக்டர் அன்று என்ன சொன்னார் என்பதையும். அவள் திரும்பி வந்தாள். சாமான்களைக் கட்டினாள். வாசற்படியில் உட்கார்ந்திருக்கும் கிழவியிடம் சாம்பலைக் கொண்டுபோக வேண்டும்.

காட்பாடிக்கு நாம் போயிருக்கக் கூடாது. வேண்டாம் என்றேன், நீங்கள் கேட்கவில்லை. ரயில் வந்தது. மூட்டைகளை ஏற்றினாள். பிளாட்பாரத்தில் நீங்கள் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, புடவைக் கொசுவத்தைச் சற்றுத் தூக்கிப் பிடித்து நின்றீர்கள். அவள் குனிவதற்காக. அவள் உங்களைக் கடந்து பெட்டியில் ஏறினாள். உட்கார்ந்தாள். மறுபக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரயில் போன பின்பும் நீங்கள் காலைப் பிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு நீங்கள் அந்த மொழியை விட்டுவிடுவீர்கள் என்று நினைத்தேன். நேர்மாறாக நடந்தது. அடுத்துக் குடிவந்த கிழவரிடம், சேர்ந்த மறுநாளே, கையைக் காட்டி, கண்ணை மூடிக் காட்டி, இதற்கு உங்கள் பாஷையில் என்ன என்று கேட்டீர்கள். பிழைக்க மாட்டார் என்பதற்கு என்ன? இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்பதற்கு என்ன? அவர் மனைவி உள்ளே ஊசி போட்டுப் படுத்திருந்தாள். மறுநாள் காலை அறை காலி. அடுத்து வந்தவர்களிடமும் கேட்டீர்கள். அவர்களும் போனார்கள். அபசகுனம் பிடித்த வீடு என்று காட்பாடி ஸ்டேஷனிலேயே சொல்லித் திருப்பி அனுப்பினார்களாம்.

இட்லிக்கார அம்மா ஒருநாள் தாங்காமல் கேட்டாள். "சீக்காளிய வெச்சிக்கினு பயந்துகினு கெடக்கறவங்ககிட்ட போயி சாவுக்கு இன்னா பேருன்னு கேட்டா எவன் நிப்பான்? உனக்கு இன்னா பேஜாரு?"

"எனக்கு அந்த வார்த்த தெரிஞ்சிருந்தா அந்தப் பையன் அவங்கம்மா மடியில போயிருப்பான்."



கடைசியில் மருந்துக்கடையில் வேலை செய்த ஒருவன் சொல்லிக் கொடுத்தான். நான் எம்.ஏ. படிக்க மெட்ராஸுக்குக் கிளம்பிய அந்த ஆனி மாதம், காலியான முன்னறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து நீங்கள் சொல்லிப் பார்ப்பதைக் கேட்டுக்கொண்டே துணி மடித்தேன். முதலில் வேகமாக. பிறகு மெல்ல. பிறகு குரலைத் தணித்து, கன்னத்தைத் தொடுகிற மாதிரிக் கையை நீட்டி.

ஆர் கிச்சு கொரார் நேய். பாரி நியே ஜான்.

இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை. வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

யாரும் உங்களைக் கூப்பிடவில்லை. அறைக்கும் யாரும் வரவில்லை. மார்கழியில் ஒரு காலை நீங்கள் எழுந்திருக்கவில்லை என்று தந்தி வந்தது. யாரும் எதையும் பக்குவமாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அந்த மொழியில் எனக்கு வேறொன்றும் ஒட்டவில்லை, அத்தை. கீழ் வீட்டுப் பெண் படியில் என்னைப் பார்த்துச் சிரித்து ஏதோ கேட்கிறாள். நலமா என்றுதான் இருக்க வேண்டும். பதிலுக்கு என் வாய் வரை வருவது நீங்கள் சுவரிடம் சொன்ன அந்த இரண்டு வரி மட்டும். பிழையில்லாமல், உங்கள் குரலிலேயே வருகிறது. உதட்டைக் கடித்துக்கொண்டு மாடி ஏறிவிடுகிறேன். நான் ஊமை என்று அவள் நினைத்திருக்கலாம்.