அப்பாவின் எட்டாயிரம் அடிகள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இதைப் போனில் சொல்லியிருக்கலாம். "பாப்பாகிட்ட நீயே சொல்லிடு, நான் பக்கத்துல இருக்கும்போது வேண்டாம்" என்று உன் அப்பா சொல்லிவிட்டார், அதனால் நூலகத்தில் மதிய இடைவேளையில், திரும்பி வந்த புத்தகங்களை அடுக்காமல் வைத்துவிட்டு எழுதுகிறேன்.

நடக்கும் அடிகளை எண்ணி உன் போனுக்கு அனுப்பும் கடிகாரத்தை அப்பாவுக்கு வாங்கி அனுப்பினாயே, அதை அவர் கட்டியது நான்கு நாட்கள்தான். ஐந்தாம் நாள் ஜன்னலோரம் வைத்துவிட்டு பஸ் டிப்போவுக்கு வேலைக்குப் போய்விட்டார். அப்பாவுக்கு என்ன ஆச்சு, ஒரு அடிகூடக் காட்டவில்லையே என்று நீ கேட்டாய். மறுநாள் அதை நான் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன், ஒரு நாளைக்குத்தானே என்று. மூன்று மாடி, அலமாரி, மேசை என்று நான் நடப்பது எட்டாயிரத்துக்குக் குறையாது. "அப்பா கலக்கிட்டாரு" என்று நீ எழுதியதை அவர் எனக்கு வாசித்துக் காட்டினார், மீசைக்குள் சிரித்துக்கொண்டார், கடிகாரம் எங்கே என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அப்படியே ஐந்து மாதம் ஓடிவிட்டது. யாருக்காகச் செய்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். நீ சந்தோஷப்பட்டாய், அவர் சந்தோஷப்பட்டார், அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை.

சாப்பாட்டில் ஏமாற்று இல்லை. இடுப்புச் சுற்று, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு எல்லாம் ஒன்றாக ஏறியிருக்கிறது, மாத்திரையோடு தட்டில் பாதிக்குக் காய்கறியும் கீரையும், மீதியில் பயறும் தீட்டாத தானியமும், தினம் அரை மணி நேர நடையும் வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னதில் சமையல் பாகத்தை அப்படியே செய்தேன். "என்னை மாடாக்கிட்ட, கயிறு ஒண்ணுதான் பாக்கி" என்பார், ஆனால் தட்டைக் காலி செய்துவிடுவார். இரண்டு கிலோ குறைந்தது, அழுத்தமும் கொஞ்சம் இறங்கியது, சர்க்கரை மட்டும் இறங்கவில்லை. போன மாதம் நீ அனுப்பியிருந்த அடிக்கணக்கைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா, "இவ்வளவு நடந்தும் குறையலைன்னா இன்னொரு மாத்திரை சேர்த்துத்தான் ஆகணும்" என்றார். அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் மேசைமேல் இருந்த பேனாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த மாத்திரை தொடங்கிய ஒன்பதாம் நாள் ஒரு கண்டக்டர் அவரைக் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கூட்டிவந்தார். சட்டை நனைந்திருந்தது, கை நடுங்கியது, என்னைப் பார்த்து யார் என்று கேட்டார். ரத்தத்தில் சர்க்கரை ஒரேயடியாக இறங்கியிருக்கிறது, தண்ணீரில் சீனி கரைத்துக் கொடுத்ததும் கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிட்டார். அடுப்பில் இருந்த பயறை இறக்கினேன், பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தேன், பிறகுதான் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை, இதுவரை வரவில்லை.

மறுநாள் காலையில் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டவில்லை. அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு, ஏன் நடக்கவில்லை என்று அப்பாவிடம் கேட்டார். "வெக்கமா இருந்துச்சு டாக்டர். செருப்பு கழண்டு விழுந்ததே தெரியாம ஒத்தச் செருப்போட ரோட்டுல போயிருக்கேன். பின்னாடி வந்த ஸ்கூல் புள்ளைங்க சிரிச்சப்பதான் தெரிஞ்சுது" என்றார். என்னிடம் அவர் சொல்லாத விஷயம் அது. கண்ணை மூடச் சொல்லி, பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று மெல்லிய நைலான் இழையால் தொட்டுப் பார்த்தார் டாக்டரம்மா, தொட்டால் சொல்லுங்கள் என்றார். இடது காலில் ஐந்து இடங்களில் தொட்டதை நான் எண்ணினேன். அப்பா கண்ணை மூடியபடியே, "ம், ஆரம்பிங்க டாக்டர்" என்றார். இப்போதைக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடி கால் பயிற்சி, கழன்று விழாதபடி பின்னால் பட்டை வைத்த செருப்பு, வீட்டுக்குள்ளேயே சுவரைப் பிடித்துக் கொஞ்சம் நடை, சாப்பாடு அதே. தினம் அவர் உள்ளங்காலைப் பார்ப்பது என் வேலை.

நீயும் நாள் முழுக்க நாற்காலியில் இருக்கிறாய், மணிக்கு ஒருமுறையாவது எழுந்து நட, ஒருமுறை ரத்தம் பரிசோதித்துவிடு, காய்கறியைத் தட்டோரம் ஒதுக்காதே. நோய் நொடி அண்டாமல் நீ நெடுநாள் வாழ அம்மா மனதார வாழ்த்துகிறேன். டாக்டரம்மாவிடம் சொன்ன நாளிலிருந்து கடிகாரத்தை நான் கட்டவில்லை, நீ கேட்டபோது பழுது என்று சொன்னேன், பழுதில்லை, கைப்பையில் கிடக்கிறது. முதல் தேதி அதை அவர் கையில் கட்டிவிடுவேன். முந்நூறு என்று காட்டினால், ஏன் குறைந்தது என்று கேட்காதே. அத்தனையும் அவர் நடந்தவை.

இப்படிக்கு,
உன் அம்மா