காலனிக்குக் கேட்காத குழாய்

14.8.84, செவ்வாய்

பஞ்சாயத்து ரேடியோவின் ஒலிபெருக்கிக் குழாயை ஏரிப்பக்கம் திருப்பி வைத்தது நான்தான். விடியும்முன் விவசாய நிகழ்ச்சியைக் கத்தி என் தூக்கத்தைக் கெடுத்தது. மீன்களாவது உரம் போடக் கற்றுக்கொள்ளட்டும் என்று போன வாரம் கம்பத்தில் ஏறினேன்.

ஞாயிற்றுக்கிழமை அதே குழாய் வழியே மைக்கில் சுகாதார ஆபீசர் மூன்று முறை சொன்னார்: காலனிக் கிணற்றில் கிருமி இருக்கிறது, காய்ச்சிக் குடியுங்கள். கம்பத்தடியில் இருக்கும் எங்கள் தெருவுக்குக் கேட்டது. காலனிக்குக் கேட்கவில்லை. அன்றைக்குக்கூட எனக்கு உறைக்கவில்லை.

இன்று காலனியிலிருந்து வரும் என் சிநேகிதன் தேவராஜ் பள்ளிக்கு வரவில்லை. அவன் தங்கை அஞ்சலை வாந்திபேதியில் திண்டிவனம் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். பள்ளி விட்டதும் அங்கே ஓடினேன். அஞ்சலை கண்ணைத் திறக்கவில்லை.

"மைக்குல சொன்னாங்களாமேடா? எங்களுக்கு ஒண்ணுமே கேக்கல" என்றான்.

திரும்பும்போது டீக்கடையில், "காலனிக்காரங்களுக்கு எவ்ளோ சொன்னாலும் காதுல ஏறாது" என்றார் ஒருத்தர். அப்பாவும் தலையாட்டினார். எனக்கு வாய் இருந்தது. திறக்கவில்லை.

இருட்டும்முன் கம்பத்தில் ஏறிக் குழாயைக் காலனிப்பக்கம் திருப்பிவிட்டேன். இனி அது யாருக்கு?

குழாயைத் திருப்பியது நான்தான் என்று தேவராஜிடம் சொல்ல வேண்டும். மாலையே சொல்லியிருக்க வேண்டும். ஆஸ்பத்திரி வாசல் வரை வந்து கையைப் பிடித்துக்கொண்டான். "நாளைக்கும் வாடா. எதனா ஜோக்கு சொல்லு. உன் குரல் கேட்டா அவ கண்ணு முழிச்சிடுவா."

என் குரலைக் கேட்டா?