பஸ்ஸுக்கு முந்தி வந்த ரிங்

கிரனாடா,
ஏப்ரல் 2006, திங்கட்கிழமை.

அன்புள்ள ஒர்நெல்லாவுக்கு,

ரெமே எழுதுகிறேன். நீயும் உன் வீட்டாரும் நலமாக இருக்க வேண்டும். நாங்கள் இருக்கிறோம். நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை.

நீ உன் ஊருக்குப் போனதிலிருந்து எத்தனை முறை ஃபோன் செய்தாலும் நீ எடுப்பதில்லை. உன் அப்பா எடுக்கிறார், இத்தாலிய மொழியில் ரொம்ப மரியாதையாக ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது பார். ஆறு மாதம் என் வீட்டில் இருந்து என் கையால் சாப்பிட்டவள் நீ, இதை முழுக்கப் படித்துத்தான் ஆக வேண்டும்.

முதலில் தொமாஷ் விஷயம். உயிருக்கு இனி பயமில்லை. ஒடிந்த காலைச் சேர்த்துவிட்டார்கள். ஆனால் அந்தக் காலின் பாதம் பனியில் விறைத்துப் போனது இன்னும் சரியாகவில்லை, விரல்கள் கறுத்துவிட்டன. வெள்ளிக்கிழமை காலையில் ஆபரேஷன். விரல்களோடு நிற்குமா, பாதத்தில் பாதி போய்விடுமா என்று உள்ளே பார்த்தால்தான் தெரியும் என்கிறார் டாக்டர். தொமாஷோ கதவு திறக்கும்போதெல்லாம் தலையைத் தூக்கிப் பார்க்கிறான். வந்தது நர்ஸ் என்றால் மறுபடி படுத்துக்கொள்கிறான். என்னைப் பார்த்தாலும் அப்படித்தான், அதில் எனக்கு வருத்தமில்லை.

அடுத்தது, உன் வகுப்புப் பெண்கள் பேசுவது. உன் புத்தகங்களை எடுத்துப் போக வந்த ஒருத்தி என் சமையலறையிலேயே நின்றுகொண்டு, "ஆபத்துன்னா நூத்திப் பன்னிரண்டுக்கு அடிக்கணும்னு சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். இவ இருந்த கொஞ்சூண்டு சார்ஜ்ல வீட்டுக்காரம்மாவுக்கு அடிச்சிருக்கா" என்றாள். புத்தகங்களைக் கொடுத்து வாசலைக் காட்டிவிட்டேன். ஆனால் நீயும் ஃபோனில் அதையேதான் சொல்கிறாய் என்று அவள் போகும்போது சொன்னாள். அதனால்தான் அன்றைக்கு இந்த வீட்டில் நடந்ததை எழுதுகிறேன். ஆஸ்பத்திரியில் நீ சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாய், சொன்னாலும் காதில் ஏறியிருக்காது.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் உங்கள் கூட்டம் கிளம்பிவிடும். காதிஸ், ரோந்தா, நெர்ஹா என்று ஊர் ஊராக. ரொட்டிக்கு நடுவில் முட்டை வைத்து டப்பாவில் கொடுப்பேன், நீங்கள் மட்டும் திரும்பி வருவீர்கள். என் டப்பாக்கள் இந்த நாடு முழுக்கக் கிடக்கின்றன. நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். போய்ச் சேர்ந்ததும் ஒரு ரிங், கட் பண்ணிவிடு. திரும்பும்போது பஸ் ஏறியதும் ஒரு ரிங், கட். இந்த ஊரில் எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம், நீயும் கற்றுக்கொண்டாய்.

அந்த வாரம் மலைக்கு நீங்கள் இரண்டு பேர் மட்டும்தான் போனீர்கள். "கடற்கரைக்குப் போட்டுட்டுப் போன துணி ஷூவோட மலைக்குப் போறீங்களே, மேல இன்னும் பனி கிடக்குது" என்று கத்தினேன். தொமாஷ் சிரித்துக்கொண்டே, "போலந்துக்காரன்கிட்ட பனியப் பத்திச் சொல்றீங்களே ரெமே!" என்றான். என் வீட்டுக்காரர் ஃபெர்மினும் அவன் பக்கம் சேர்ந்துகொண்டு, "விடு ரெமே, இந்த வயசுல போகாம எப்பப் போவாங்க?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உன் ரிங் வந்தது. ஒன்று, அவ்வளவுதான். ஃபெர்மின் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "ஏறிட்டாங்க. பருப்ப அடுப்புல ஏத்து" என்றார். ஏற்றினேன். ஆனால் மனசு கேட்கவில்லை.

ஏன் என்கிறாயா? நீ எப்போதாவது நேரத்துக்கு ரிங் கொடுத்திருக்கிறாயா? பஸ் ஏறி, ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டு, மிச்ச ரொட்டியைத் தின்று, பாதி வழி வந்த பிறகுதான் உனக்கு ரெமே ஞாபகம் வருவாள். பரீட்சைக்கே தாமதமாகப் போகிறவள் நீ. அன்றைக்கு உன் ரிங் பஸ் கிளம்பும் நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது. ஃபெர்மினிடம் சொன்னேன். "லேட்டா அடிச்சாலும் குத்தம், சீக்கிரம் அடிச்சாலும் குத்தமா? அந்தப் பொண்ணு என்னதான் பண்ணும்?" என்று கேட்டார்.

மலையடிவாரத்து ஊரில் பஸ் நிற்கிற இடத்து பார்க்காரர் எலாதியோவின் நம்பர் எங்கள் ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டியிருக்கிறது, கிறிஸ்துமஸுக்கு அவரிடம்தான் பன்றித்தொடை சொல்லுவோம். அவருக்கு அடித்தேன். சிவப்புத் தொப்பி போட்ட பெண் ஒருத்தி பஸ் ஏறினாளா என்று கேட்டேன். "பஸ்ஸே இன்னும் வரலியேம்மா. ஸ்டாப்புல ரெண்டு நாய்தான் படுத்திருக்கு" என்றார்.

மகளே, வராத பஸ்ஸில் நீ எப்படி ஏறியிருப்பாய்? உன் ஃபோனுக்கு அடித்தால் அணைந்து கிடக்கிறது. உடனே நூற்றுப் பன்னிரண்டுக்கு அடித்தேன். அங்கே இருந்த பையன், "ஒரு மிஸ்டு கால் வந்துச்சுன்னா மலைக்கு ஆள் அனுப்பச் சொல்றீங்க?" என்றான். "அனுப்புடா. தப்பா இருந்தா என்னைக் கொண்டுபோய் ஜெயில்ல போடு" என்றேன். ஃபெர்மின் அடுப்பை அணைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். அதற்குள் எலாதியோ பாரைப் பூட்டிவிட்டு ஊர்க்காரர்களோடு மேலே ஏறத் தொடங்கிவிட்டார்.

அவர்கள்தான் உன்னை வழியில் பார்த்தார்கள். ஒரு காலில் ஷூ இல்லை, உனக்குப் பேச வாய் வரவில்லை. ஆனால் கையை நீட்டி, தொமாஷ் விழுந்து கிடந்த இடத்தைக் காட்டினாய். வெளிச்சம் இருக்கும்போதே ஹெலிகாப்டர் போனது. மீட்புக்காரர்களின் தலைவர் பிறகு என்னிடம், "இருட்டியிருந்தா பறந்திருக்க மாட்டோம். விடிஞ்சதும் பிணத்ததான் தூக்கியிருப்போம்" என்றார்.

இப்போது நீயே சொல். உன் ஃபோனில் ஒரு ரிங்குக்குத்தான் உயிர் இருந்தது. அது நூற்றுப் பன்னிரண்டுக்குப் போயிருந்தால், அந்தப் பையனுக்கு என்ன தெரிந்திருக்கும்? ஒர்நெல்லா என்றைக்கும் தாமதமாகத்தான் அடிப்பாள் என்று அவனுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும்.

அவனை விட்டுவிட்டு வந்தேன் என்று அழுகிறாயாம், அதையும் அந்தப் பெண்தான் சொன்னாள். அவன் சொல்வதைக் கேள். "போய் ஆளக் கூட்டிட்டு வான்னா, அவ போக மாட்டேன்னு உட்கார்ந்துட்டா. நான்தான் பனிய உருட்டி உருட்டி அவ மேல அடிச்சு விரட்டினேன். அந்தக் கோபத்துலதான் வராம இருக்கா" என்று நேற்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். நீங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு ஊரில் படுத்து ஒரே விஷயத்துக்கு அழுகிறீர்கள்.

ஒன்றை மறைக்க மாட்டேன். அவன் அம்மா போஷெனா வந்திருக்கிறாள். உன் அறையில், உன் கட்டிலில்தான் படுக்கிறாள். வந்த அன்றைக்கு, "என் பிள்ளைய விட்டுட்டு வந்தவ மூஞ்சிய நான் பாக்கணும்" என்றாள். தொமாஷ் அதைத் தலைகுனிந்துகொண்டே எனக்கு மொழிபெயர்த்தான். உன்னைப் பார்த்தால் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் இன்று காலை கட்டிலுக்கு அடியிலிருந்து உன் ஒற்றை ஷூவை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். எறியப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். சேறு போகக் கழுவி, உள்ளே செய்தித்தாளைத் திணித்து, பால்கனியில் வெயிலில் வைத்தாள். இதை எழுதும்போதும் அது அங்கேதான் இருக்கிறது.

இதை இன்றைக்கே கூரியரில் அனுப்புகிறேன், வியாழக்கிழமைக்குள் வந்துவிடு. பரீட்சையைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை அவனை உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது திரும்பிக் கதவைப் பார்ப்பான். அங்கே நான் மட்டும் நின்றால் போதாது.

மாதா உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். வந்து இறங்கியதும் எனக்கு அடி. ஒரு ரிங்கில் மட்டும் கட் பண்ணிவிடாதே மகளே. நான் எடுக்கும்வரை அடித்துக்கொண்டே இரு.

உன் குரலுக்காகக் காத்திருக்கும்,
ரெமேதியோஸ்