லீவு கேட்க இன்னும் மொழி முடிவாகவில்லை

பெரியவளின் அம்மாவுக்கு,

இத்தனை நாள் பிறரை எழுதச் சொன்னேன். இப்போது எழுத்துக் கற்று என் கையாலேயே எழுதுகிறேன்! உன் உடம்பு எப்படி இருக்கிறது? கண் மறைப்பு கூடிவிட்டதா? நான் சுகம். இதை மகள் உனக்குப் படித்துக் காட்டட்டும்.

உன் கண் ஆபரேஷனுக்கு வர லீவுக்கு நானே எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் அசந்துபோய் அதைச் சுவரில் ஒட்டிவிட்டார். ஆனால் லீவு தரவில்லை. கம்ப்யூட்டரில்தான் கேட்க வேண்டுமாம். பழைய லீவு ப்ரோக்ராமை நிறுத்திவிட்டார்கள். புதியது நான் டீ போடும் இந்த ஆபீஸில் உள்ள மூன்று வகைக் கம்ப்யூட்டரிலும் ஓட வேண்டும். கம்ப்யூட்டருக்கும் பல மொழி உண்டாம்; அதை எந்த மொழியில் எழுதுவது, திரையில் வரும் ஜன்னலும் பட்டனும் எதை வைத்துச் செய்வது என்று ஒரு மாதமாகச் சண்டை.

“ஜாவால ஒரு தடவ எழுதினா எல்லாத்துலயும் ஓடும்” என்கிறார் தாடிக்காரர்.

“அது திறக்கறதுக்குள்ள தாத்தா போட்ட டீ ஆறிடும். சி பிளஸ் பிளஸ்தான் வேகம்” என்கிறாள் கண்ணாடிக்காரப் பெண். தாத்தா என்பது என்னைத்தான்.

“நீ எழுதி முடிக்கறதுக்குள்ள தாத்தாவுக்குக் கொள்ளுப்பேரனே பொறந்துடுவான்!”

என்னையே கேட்டார்கள். “எதுல சீக்கிரம் முடியுமோ, அதுல எழுதுங்கப்பா” என்றேன்.

“என்னோடதுலதான்!” என்றார்கள் இருவரும். நானும் சிரித்துவிட்டேன். ஆனால் லீவு வாங்காமல் கிளம்பினால் வேலை போய்விடும்.

ஆபரேஷனைத் தள்ளிப்போடாதே. தங்கையைத் துணைக்கு வைத்துக்கொள். எனக்குக் கோடு போட்ட நோட்டு ஒன்று அனுப்பு. வெறும் தாளில் எழுத்து மேலே ஏறிப் போகிறது. கண் கட்டுப் பிரிக்கும்போது நான் பக்கத்தில் இருக்க மாட்டேன். அதற்காகத்தான் பெரிது பெரிதாக எழுதியிருக்கிறேன். அன்றைக்கு இதை நீயே படி.

டீக்குக் கூப்பிடுகிறார்கள். இன்று மூன்றாவதாக ஒருவர் வேறொரு மொழியோடு வந்திருக்கிறார்.

உன் வீட்டுக்காரன்