திரையில் வராத வண்டி

அன்புள்ள நைனாவுக்கு,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நம் கம்பெனி டிரெய்லர்களில், வண்டி இருக்கும் இடத்தை ஆபீஸ் திரையில் காட்டும் பெட்டியைப் பொருத்தியபோது, டிகிரி படித்தவள் என்று டிரைவர்களைச் சம்மதிக்க வைக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். 'உங்கள் பாதுகாப்புக்குத்தான்' என்று தாளில் எழுதி வைத்துப் படித்தேன். "நான் இன்னா மாடா, கயுத்துல மணி கட்டிகினு போறதுக்கு?" என்று நீங்கள் கேட்டதும் எல்லோரும் சிரித்தார்கள். இரண்டு வாரம் கழித்து, பிரியாணிப் பொட்டலத்தின் வெள்ளித்தாளைப் பெட்டிமேல் சுற்றினால் வண்டி திரையில் தெரியாது என்று மற்ற டிரைவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் நீங்கள்தான்.

அந்த இரண்டு வாரமும் உங்கள் வண்டியைத் திரையில் பார்த்தேன். எர்ணாவூர் தாண்டி, ஒரு டீக்கடைகூட இல்லாத இடத்தில், இருபது நிமிடம் அசையாமல் நிற்கும். முதலாளி கேட்டால், "டிராபிக் சார்" என்பேன். பிறகு துவைக்கப் போட்ட உங்கள் சட்டைப் பையில், நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையைப் பார்த்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. முதலாளிக்குத் தெரிந்தால் வண்டியைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்ற உங்கள் பயம் எனக்குப் புரிகிறது.

இப்போது திரையில் உங்கள் வண்டி வருவதில்லை. எண்ணூரிலிருந்து துறைமுகம் வரை நிற்கிற அத்தனை லாரிகளில் உங்களை எங்கே போய்த் தேடுவேன்? ஆபீஸ் போன் அடித்தாலே உங்களைப் பற்றித்தானோ என்று ஓடிப்போய் எடுக்கிறேன்.

எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நின்று வாருங்கள். யார் கேட்டாலும் நான் பார்த்துக்கொள்கிறேன். நாளைக்கு வண்டி எடுக்கும்போது பெட்டிமேல் சுற்றிய அந்த வெள்ளித்தாளை மட்டும் பிரித்துவிடுங்கள், நைனா.

உங்கள் மகள்